நான்காம் படி முறிந்த படலம்

வாழி! சிவப்பு மைப் பேனா ஏந்திய செங்கை வாழி! மூக்கின் நுனிவரை சறுக்கி வந்து, விழவும் மனமின்றி ஏறவும் வலுவின்றி அந்தரத்திலே தவமிருக்கும் தடிமன் கண்ணாடி வாழி! பிழை கண்ட இடத்தில் புலியெனப் பாய்ந்தும், பாராட்டுக் கேட்ட இடத்தில் பூனையெனப் பதுங்கியும், வட்டார இலக்கியக் காலாண்டு ஆய்விதழ் என்னும் வானளாவு கோட்டையை வாளின்றி, வேலின்றி, உதவிக்கு ஓர் ஆள்கூட இன்றிக் காத்து நின்ற பொறுப்பாசிரியை வாழி, வாழி! அன்னாருக்கும் ஓர் ஏணிக்கும் மூண்ட பெரும்போரை, இன்னும் நுணுகிச் சொன்னால், அன்னார் எழுதிய ஒரே ஒரு கட்டுரைக்கும் அவ்வேணியின் நான்காம் படிக்கும் நடந்த நெடும்போரைப் பாடப் புகுந்தோம். கேட்போர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்க.

பாடுமுன் காப்பு. கிரீச்சிட்டால் மட்டுமே சுழலும் மேல்விசிறியே, எம் தாள்கள் பறவாமல் காப்பாய்! மூடி இறுகிய கோந்துப் புட்டியே, இன்றேனும் மனம் இளகுவாய்! நாலு தாளைக் கவ்வச் சொன்னால் நடுவழியில் பல்லிளிக்கும் ஸ்டேப்ளரே, நீ ஒன்றும் அருள வேண்டாம், சும்மா இரு, அதுவே போதும்!

இதழ் பிறந்த வரலாற்றை முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லையேல் களத்திலே யார் யாரை எதற்காக வெட்டுகிறார் என்று விளங்காமல் வெறும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அன்னாரின் தந்தையே நிறுவனர், கல்லூரியில் இலக்கியம் கற்பித்தவர், இடிக்குரலர், அவர் வகுப்பெடுத்தால் அவருடைய மாணவரின் தூக்கம் மட்டுமன்று, பக்கத்து வகுப்பு மாணவரின் தூக்கமும் கெடும் என்பது அக்காலத்துப் புகார். இளமையில் அவர் எழுதிய கட்டுரையை வேறோர் இதழிலே ஒருவர் கிழித்துத் தோரணம் கட்ட, அதற்கு அவர் எழுதி அனுப்பிய பதிலை அவ்விதழார் 'இட நெருக்கடி' என்ற இரண்டே சொற்களால் திருப்பி அனுப்ப, கண் சிவக்க, மீசை துடிக்க, எழுதத் தெரிந்த எவர்க்கும் பதில் சொல்லும் உரிமையை மறுக்காத ஓர் இதழை நானே நடத்திக் காட்டுவேன் என்று மேசையில் குத்திச் சூளுரைத்தார். குத்தியதில் மேசைக்கு ஒன்றுமில்லை, விரல் வீங்கியது. வீங்கிய விரலால் எழுதிய தலையங்கத்தோடு முதல் இதழ் வெளிவந்தது.

கல்லூரி அவ்விதழுக்கு ஈந்த அரண்மனையாவது, வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே, அதற்கு முன் துடைப்பங்கள் குடியிருந்த அறை. ஒருபுறம் அமிலப் புகை, மறுபுறம் ஏறி இறங்கும் செருப்போசை. அச்சகத்திலிருந்து வந்த பிரதிகள் அங்கே அடுக்கப்பட்ட சில நாட்களிலேயே அழுகிய முட்டையும் வினிகரும் கலந்தாற்போன்ற ஒரு வாடையை ஏந்திக்கொள்ளும். தூர ஊர் நூலகர்கள் இவ்விதழைக் கண்ணால் தேடுவதில்லை, மூக்கால் தேடி எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பெருமிதப் பேச்சும் உண்டு. காலாண்டிதழ் என்று அட்டை சொல்லும்; ஆண்டுக்கு இரண்டு வந்தால் அவ்வாண்டு நல்ல ஆண்டு.

அட்டையின் உட்புறத்தே நிறுவனர் இரண்டு விதிகளைப் பொறித்தார். ஒன்று: எவர் கருத்து மறுக்கப்பட்டாலும் அவர் மறுமொழி கூறலாம்; அம்மறுமொழிக்கு அடுத்த இதழில் மற்றெல்லாக் கட்டுரைக்கும் முன்பாக இடம் தரப்படும். இரண்டு: ஒரு விவாதத்தில் புதிய சான்று வெளிப்பட்டால், அச்சேறாது நிற்கும் மறுமொழிகள் யாவும் எழுதியவரிடமே திருப்பப்பட்டு, அச்சான்றைக் கருத்தில் கொண்டு மீண்டும் எழுதப்பட வேண்டும். முதல் விதி நாளும் உழைத்து ஓடாய்த் தேய்ந்தது. இரண்டாம் விதியை எவரும் தொட்டதேயில்லை. பூட்டிய அறையிலே புத்தம்புது வாளாய் அது தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாளை வாசகர் மறந்துவிடக் கூடாது; நாமும் இப்போதைக்கு அதைப் பார்க்காததுபோல நடந்துகொள்வோம்.

இனி, இரு பெரு வீரர்கள்.

ஒரே வீட்டின் மேல்தளத்தில் ஒருவர், கீழ்த்தளத்தில் ஒருவர். இருவரும் ஓய்வுபெற்ற இலக்கியப் பேராசிரியர்கள். எனவே ஒருவரை மேல்மாடியார் என்றும் மற்றவரைக் கீழ்வீட்டார் என்றும் ஆய்வுலகம் அழைத்தது. மேல்மாடியாரின் மனைவி கீழ்வீட்டாருக்கு உடன்பிறந்த அக்காள். கீழ்வீட்டார் மணம் செய்யாத, வெந்நீர் வைக்கத் தெரியாத தனிக்கட்டை. ஆகவே அக்காவின் அடுப்பே இரு தளத்துக்கும் அடுப்பு. வீட்டுக்கு வருவோர் போவோர் எல்லோருக்கும் அவர் அக்காதான், நமக்கும் அக்காவே.

பழைய கதைப்பாடல் ஒன்றில் வீரன் ஒருவன் குதிரையேறி வருகிறான். அந்தக் குதிரை வெள்ளை என்றார் மேல்மாடியார். கறுப்பு என்றார் கீழ்வீட்டார். பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்பீர்களானால், குதிரை வந்தது என்று மட்டுமே சொல்கிறது. இந்தச் சிறு வெற்றிடத்திலே இருவரும் படைகளை நிறுத்தினார்கள். மறுப்பு, மறுமொழி, மறுமொழிக்கு மறுப்பு என்று கணைமேல் கணை பாய, மேற்கோள் மழை பொழிய, அடைப்புக்குறிகள் கேடயங்களாய் நிமிர, இதழ்தோறும் குதிரை கனைத்தது. அப்போதும் அவர்கள் உறவு கெடவில்லை. சாப்பாட்டு மேசையிலே, "அத்தான், கறுப்புதான் அத்தான்" என்று தம்பியும், "மச்சான், உனக்குக் கண்ணுல கோளாறு" என்று அத்தானும் எதிரெதிரே அமர்ந்து, தட்டு ஆறி அவலாகும்வரை முழங்கிக்கொண்டிருந்தனர்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் கீழ்வீட்டில் பல்பு ஃபியூஸ் ஆனது.

கீழ்வீட்டார் மேல்மாடியாரின் மரஏணியை இரவல் வாங்கினார். பல்பு மாட்டினார். ஏணி திரும்பி வந்தது. அதன் நான்காம் படி திரும்பி வரவில்லை, இரண்டு துண்டாகத் தனியே கையில் வந்தது. "குடுக்கும்போது முழுசா இருந்துச்சு" என்றார் அத்தான். "ஏறும்போதே ஆடுச்சு" என்றார் மச்சான். அவ்வளவே! அவர்கள் இருவரும் வாய்திறந்து ஒருவரோடொருவர் பேசிய கடைசிச் சொற்கள் அவை. அவன் சரிசெய்து தரட்டும் என்று அவரும், அவருடைய ஏணிதானே எடுத்துக்கொள்ளட்டும் என்று இவரும் விட்டுவிட, இரு நாடுகளுக்கு இடையே எவர்க்கும் உரிமையில்லாத எல்லைப்பாலை போல, மாடிப்படி திரும்பும் இடத்தில் அந்த ஏணி கிடையாய்க் கிடந்தது.

ஆனால் இதழிலே அது எழுந்து நடந்தது. அடுத்து வந்த மறுமொழியின் அடிக்குறிப்பில் மேல்மாடியார் எழுதினார்: "இரவல் பெற்றதை முழுமையுடன் மீளத் தரும் பண்பு நம்மிடையே அருகி வருகிறது. நான்காம் படியின் முறிவு ஒன்றே இதற்குச் சாலும்." கீழ்வீட்டார் விடுவாரா? "நான்காம் படி, வழங்கப்படும் முன்னரே உள்ளே முறிந்திருந்தது என்பதே எம் துணிபு. முறிந்ததை வழங்கியோரே வரலாற்றுக்குப் பொறுப்பாவர்." அடிக்குறிப்பு வளர்ந்தது. பக்கத்தின் பாதியை விழுங்கியது. பின்னர் முக்காலையும் விழுங்கி, குதிரைக்கு மேலே ஒரு வரி விட்டுக்கொடுத்தது.

இங்கேதான் உலக ஆய்வு வரலாற்றிலேயே அறிஞர்களால் மட்டும் செய்யக்கூடிய பிழை ஒன்று நேர்ந்தது. அந்த அடிக்குறிப்புகளை அறிஞர்கள் நம்பினார்கள்! ஏணி என்பது மரபு என்றும், படிகள் தலைமுறைகள் என்றும், நான்காம் படியின் முறிவு என்பது வாய்மொழிப் பாட்டுக்கும் ஏட்டுப் பாட்டுக்கும் இடையே விழுந்த பெரும்பிளவு என்றும் பொருள் கண்டார்கள். கருத்தரங்கம் கூட்டினார்கள். ஏறுமுக ஏணியர், இறங்குமுக ஏணியர் என இரு அணியாகப் பிரிந்து தேநீர் இடைவேளையில்கூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நான்காம் படிக் கோட்பாட்டில் தடித்த ஓர் ஆய்வேட்டை எழுதி முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், அப்பட்டத்தையே ஏணியாக்கி, விரிவுரையாளராகி, துறைத்தலைவராகி, இறுதியில் இதே கல்லூரிக்கே முதல்வராக வந்து அமர்ந்தார்.

நம் பொறுப்பாசிரியையும் நம்பினார். தந்தை சாவியையும் விதிகளையும் ஒப்படைத்த நாள் முதலாய் அந்த அடிக்குறிப்புகளை அவரே மெய்ப்புப் பார்த்தார். ஆண்டு முடிவின் பொருளடைவிலே "ஏணி: காண்க, முறிவு" என்றும், "முறிவு: காண்க, ஏணி" என்றும் தம் கையாலேயே சேர்த்தார். இருவர் வீட்டுக்கும் அவர் போனதேயில்லை. கையெழுத்துப் படிகள் இரண்டையும் ஒரே பையில் போட்டு, காய்கறி வாங்கப் போகிற வழியில் அக்காவே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

இப்போது அந்தக் கட்டுரை.

ஆற்றைக் கடக்கும் படகுத்துறையில், துடுப்பு வலிக்கிற பெண்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். நீர் குறைந்த நாளுக்கு ஒன்று, சுழல் மிகுந்த நாளுக்கு ஒன்று, கூலி பேசாமல் ஏறிவிட்ட பயணியைக் கிண்டலடிக்க ஒன்று. அவற்றை எவரும் ஏட்டில் ஏற்றியதில்லை. பொறுப்பாசிரியைக்குப் படகு என்றாலே குமட்டும். இருந்தும் அவர் ஏறினார். ஒரு கையில் பேனாவும் மறு கையில் பிளாஸ்டிக் பையுமாய், பாட்டுக்குப் பாட்டு வாந்தியெடுத்து, எடுத்த வாந்திக்கு இடையே பாடம் கேட்டு, துறைப்பாட்டு முழுவதையும் திரட்டி, பதினாறு பக்கத்தில் ஒரு கட்டுரை வடித்தார். அச்சும் கோத்தாயிற்று. அதன்பின் ஒவ்வோர் இதழிலும், கதவருகே காலெடுத்து வைத்த அக்கட்டுரையைக் குதிரையும் ஏணியும் முட்டித் தள்ளி வெளியே அனுப்பின. மறுமொழிக்கே முதலிடம்! தந்தையின் விதி! சொந்த விதியையே மீறினால் 'இட நெருக்கடி' என்று எழுதி அனுப்பிய அந்தப் பழைய பாவிகளுக்கும் தமக்கும் என்ன வேறுபாடு?

துறைப் பெண்களோ பார்க்கும்போதெல்லாம் கேட்டார்கள். "என்னம்மா, எங்க பாட்டு புஸ்தகத்துல வந்திருச்சா?"

"அடுத்த இதழ்ல வந்துரும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"இந்தத் தடவை நிச்சயம்."

"அதையும் சொன்ன."

அதன்பின் நம் வீராங்கனை படகுத்துறைப் பக்கம் போவதை விட்டார். ஆற்றுக்கு அக்கரையில் வீடு. படகில் ஏறினால் கண்மூடித் திறக்கும் தொலைவு. அவரோ ஊரைச் சுற்றிப் பாலத்தின் வழியே பஸ்ஸில் போய், பாலத்தின்மேல் பஸ் நகரும்போது தலையைக் குனிந்துகொண்டார். புலியெனப் பாய்பவர், கீழே படகில் எழும் பாட்டைக் கேட்டு இருக்கைக்குள் சுருங்கினார். எந்த எதிரிக்கும் தாழாத தலை அங்கே தாழ்ந்தது.

இந்நிலையில்தான் முதல்வரின் முரசு அதிர்ந்தது. வேதியியல் துறைக்குக் குடுவைகள் அடுக்க இடம் வேண்டும். ஆகவே துடைப்ப அறை இனி அத்துறைக்கே. ஆய்விதழ் இவ்விதழோடு முற்றும்! முதல்வர் வாய்மொழியாய் வந்தது இது:

"மேடம், எனக்கும் மனசு கஷ்டம்தான். என் தீசிஸே இந்த இதழ்லதான் பொறந்துச்சு. ஆனா என்ன பண்றது, கெமிஸ்ட்ரிகாரங்க தினமும் வந்து நிக்கறாங்க. இந்த இதழோட முடிச்சுக்கலாமே."

முற்றும்! அப்படியென்றால், இவ்விதழில் ஏறாத கட்டுரை இனி எவ்விதழிலும் ஏறாது. பாலத்தின்மேல் தலைகுனிவே வாழ்நாள் முழுமைக்கும் விதி. பொறுப்பாசிரியை அச்சகத்துக்கு ஓடினார். அச்சக உரிமையாளர், பதினாறு பக்கம் ஒரே தாளில் அடித்து மடிக்கப்படும் ஃபாரம் என்னும் அளவையைத் தவிர உலகில் வேறு உண்மையை ஒப்பாதவர்.

"மிச்சம் ஒரே ஒரு ஃபாரம்தான் மேடம். அதுல நீங்க இருக்கலாம். இல்லாட்டி அவங்க ரெண்டு பேரும் இருக்கலாம். மூணு பேரும் நெருக்கி உக்கார இது வேன் இல்ல."

"அவங்க மறுமொழி வந்திருச்சா?"

"காலையிலயே. அந்தக்கா பையோட வந்து குடுத்துட்டுப் போயிருச்சு. நாளைக்கு மெஷின் ஏத்தணும், சொல்லிட்டேன்."

எழுந்தாள் பாரீர்! கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தோள்பையைப் போர்க்கவசமென இறுக்கி, செருப்பின் அறுந்த வாரைப் பின்னூசியால் பூட்டி, எதிரியின் கோட்டைக்கே நேரே நடந்தாள் நம் தலைவி! வெயில் வாளாய் வீசியது. தெருநாய் ஒன்று உறுமிப் பார்த்து, அன்னாரின் முகம் கண்டு, தன் அலுவலை நினைத்துத் திரும்பிப் போயிற்று.

முதலில் மேல்தளம். இந்த ஒரு முறை மறுமொழியை நிறுத்திக்கொள்ளுமாறு வேண்டினார். "என் படைக்கலத்தை உறையிலிட்டால் வெள்ளைக்குதிரை வரலாற்றில் புழுதியாகும், என் வாளை இறக்கும் நாள் எம் மச்சான் தன் குற்றத்தை ஒப்பும் நாள்" என்ற பொருள்பட, பிடரி சிலிர்த்த சிங்கமென மேல்மாடியார் கர்ச்சித்தார். அன்னாரின் சொற்கள் உள்ளபடி: "முடியாதும்மா. அவனை முதல்ல நிறுத்தச் சொல்லு."

பின்னர்க் கீழ்த்தளம். "ஆழிசூழ் உலகம் அழியினும் கறுப்புக்குதிரையின் குளம்படியை யான் அழியவிடேன், முறிந்ததை ஈந்தவர் முகத்தில் விழித்து அடங்குவேனோ" என்ற பொருள்பட, வலையறுத்த வேங்கையெனக் கீழ்வீட்டார் சீறினார். அன்னாரின் சொற்கள் உள்ளபடி: "அவரு நிறுத்தினா நான் நிறுத்தறேன். இந்தாம்மா, ஃபேன் போட்டுட்டு உக்காரு."

இப்படியாக மேலே ஒரு முறையும், கீழே ஒரு முறையும், மீண்டும் மேலே, மீண்டும் கீழே என, இரு பெரும் பாறைகளிடையே மோதிச் சிதறும் அலையென, நம் தலைவி ஏறியிறங்கிக் களைத்து, கண்ணில் நீர் மல்க, படி திரும்பும் இடத்தில் காலை வைத்தார்.

வைத்த கால் எதிலோ மாட்டியது!

கருநாகமோ? கண்ணியோ? எதிரி வெட்டிய மறைகுழியோ? தலைகீழாய்ச் சரிந்த அன்னாரின் கைப்பை ஒருபுறம் பறக்க, கண்ணாடி மறுபுறம் பறக்க, சுவரைப் பற்றித் தொங்கியபடி அவர் அலற, ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தார் அக்கா.

"ஐயோ, பாத்தும்மா! அதுல நாலாவது படி கிடையாது. கால் உள்ள போயிரும்."

பொறுப்பாசிரியை சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "நாலாவது... படியா?"

"ஆமா. இவரோட ஏணி. தம்பி வாங்கிட்டுப் போய் ஒடச்சுட்டான்னு இவரு சொல்றாரு. ஒடஞ்சதைத்தான் குடுத்தாருன்னு அவன் சொல்றான். அதைத்தானே ரெண்டு பேரும் உங்க புஸ்தகத்துல எழுதறாங்க? உனக்குத் தெரியாதா?"

இடிந்தது வானம்! பிளந்தது மண்! ஏறுமுக ஏணியரும் இறங்குமுக ஏணியரும் கட்டி எழுப்பிய மாளிகைகள் மளமளவெனச் சரிந்து, அவற்றின் புழுதி அந்த மாடிப்படியிலே அன்னாரின் தலைமேல் பொழிவதாய்த் தோன்ற, மெல்லப் படியில் உட்கார்ந்தார். அறிவுலகத்தையே இரண்டாய்ப் பிளந்த அந்தத் திருவுருவம் காலடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு மாப்புத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப யாருக்கா ஒடச்சது?"

"நாந்தான்" என்றார் அக்கா, பால் காய்ச்சியாயிற்று என்பதைச் சொல்லும் குரலில். "தம்பி வாங்கறதுக்கு முன்னாடி நாள், பரண் மேல இருந்த பெட்டிய எடுக்க ஏறினேன். படக்குன்னுச்சு. எறங்கி, படிய ஒட்டி வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஏங்க்கா சொல்லலை?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டு எழுத ஒக்காந்துட்டாங்க. இந்த வீட்டுல அப்படி ஒரு அமைதிய நான் கல்யாணம் ஆனதுல இருந்து பாத்ததில்லம்மா. அதுக்கு முன்னாடி வெள்ளக் குதிர, கறுப்புக் குதிரன்னு சோத்துத் தட்டு முன்னாடியே குதிர ஓட்டிட்டிருப்பாங்க. ரேடியோவுல ஒரு பாட்ட முழுசாக் கேட்டதில்ல நான். இப்பப் பாரு, மேல ஒரு பேனா, கீழ ஒரு பேனா. நான் பாட்டுக்கு பாட்டுக் கேக்கறேன்."

"இனிமே கேக்க முடியாதுக்கா."

"ஏன்?"

"இதழ் நிக்கப் போகுது. இதுதான் கடைசி."

"அப்ப இவங்க எங்க எழுதுவாங்க?"

"எழுத மாட்டாங்க."

"எழுதாம?"

"பேசுவாங்க."

அந்த ஒரு சொல்! ஆயிரம் யானைகள் அணிவகுத்து வரக் கண்டும் கலங்காத நெஞ்சம், பாம்பைத் துடைப்பத்தால் தள்ளி வாசலைப் பெருக்கிய நெஞ்சம், அச்சொல்லைக் கேட்டு ஆடியது. மாடியிலிருந்து ஒன்றும், கீழிருந்து ஒன்றுமாய் இரு குரல்கள் ரேடியோவின்மேல் படையெடுத்து வருவதை அக்கா கண்முன்னே கண்டார். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார்.

"யாரும்மா அது நிறுத்தறது?"

"பிரின்சிபால். அவரு டாக்டர் பட்டம் வாங்கினதே இந்த நாலாம் படியிலதான்."

"இந்தப் படியிலயா?" அக்கா குனிந்து ஏணியைப் பார்த்தார். மாப்புத் துணியை எடுத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். சிரிப்பு வரவில்லை, ஆனால் எங்கோ தொலைவில் அது கிளம்பிவிட்டது தெரிந்தது. "இதுல பட்டம் வாங்கினவருக்கு, இத ஒடச்சது நாந்தான்னு தெரிஞ்சா எப்படிம்மா இருக்கும்?"

பொறுப்பாசிரியை தலைநிமிர்ந்தார். அக்கணமே, பூட்டிய அறையிலே தூங்கிக்கொண்டிருந்த அந்தப் புத்தம்புது வாள், அந்த இரண்டாம் விதி, உறையிலிருந்து சுரீரென உருவப்பட்டு அன்னாரின் நெஞ்சிலே மின்னியது. புதிய சான்று! புதிய சான்று வந்தால் பழைய மறுமொழிகள் திரும்பப் போகும்! திரும்பப் போனால் ஒரு ஃபாரம் காலி!

"அக்கா, நீங்க சொன்னதை எழுதித் தருவீங்களா?"

"எனக்கு அவங்கள மாதிரி நீட்டி முழக்கத் தெரியாது."

"ஒரு வரி போதும்."

ஈரக் கையைத் தலைப்பில் துடைத்து, சிவப்பு மைப் பேனாவை வாங்கி, அறுந்த காலண்டர் தாளின் பின்புறத்தே, முட்டியை மேசையாக்கி, அக்கா எழுதினார். இதழின் நெடிய வரலாற்றிலே அடிக்குறிப்பின்றி எழுதப்பட்ட ஒரே படைப்பு அது.

அடுத்த நாள் அச்சகம் முழங்கியது. அதற்கு முன்பே இரு மறுமொழிகளும், விதி இரண்டின்படி, காய்கறிப் பையில் பயணமாகி ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போய்ச் சேர்ந்தன. பதினாறு பக்கத்திலும் படகுத்துறைப் பெண்கள் துடுப்பு வலித்துப் பாடினார்கள். கடைசிப் பக்கத்தின் அடியிலே, முன்பு ஏணி வாழ்ந்த அந்தச் சிறிய எழுத்திலே, இவ்வரி நின்றது:

"புதிய சான்று: ஏணியின் நான்காம் படியை ஒடித்தது நான். பெட்டி எடுக்க ஏறினேன். இப்படிக்கு, மேல்மாடியாரின் மனைவியும் கீழ்வீட்டாரின் அக்காவும்."

வீட்டிலே என்ன நடந்தது? ஊழிக்காற்று வீசிற்று. இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன, படி திரும்பும் இடத்தில், ஏணிக்கு இருபுறமும் நின்று, பல்லாண்டுக்குப் பின் முதன்முறையாய் இருவரும் நேருக்கு நேர் நோக்கினர், வாய்கள் திறந்தன. அக்காவின் நெஞ்சு நின்றது. ஆனால் தெய்வம் காத்தது. வாய்கள் மூடின; கதவுகளும் மூடின; மேலே ஒரு பேனா, கீழே ஒரு பேனா. உடைத்தவர் கீழ்வீட்டாரின் அக்காள், ஆகவே பழி கீழ்வீட்டுக் குடும்பத்தையே சாரும் என்று மேல்மாடியார் நிறுவத் தொடங்கினார். உடைத்தவர் மேல்மாடியாரின் மனைவி, ஆகவே பழி மேல்மாடிக்கே உரியது என்று கீழ்வீட்டார் நிறுவத் தொடங்கினார். அக்கா ரேடியோவின் குமிழைத் திருகினார்.

கல்லூரியிலோ முதல்வர் தேநீர்க் கோப்பையும் கையுமாய் இதழைப் புரட்டி, படகுப் பாட்டைக் கடந்து, பழகிய பாசத்தோடு கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதிக்கு வந்தார். கோப்பை தட்டில் மோதிய ஓசை வேதியியல் கூடம்வரை கேட்டது. தூதரை அனுப்பவில்லை, மணியை அடிக்கவில்லை, கல்லூரி முதல்வர் ஒருவர் தாமே ஓடுவதை அன்றுதான் மாணவர் கண்டனர்.

"மேடம், இது என்ன மேடம்?"

"புதிய சான்று சார்."

"நெசமாவே ஏணியா? மர ஏணியா?"

"மரம்தான் சார். என் முட்டி இடிச்சுது."

"நான் இதுல எவ்வளவு எழுதியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார். எல்லாத்துக்கும் நான்தான் புரூஃப் பாத்தேன்."

முதல்வர் நாற்காலியில் விழுந்தார். பட்டம், பதவி, பொன்னாடை, பெயர்ப்பலகை யாவும் ஒரு பரண்பெட்டிக்காக ஏறிய பெண்மணியின் காலடியில் நொறுங்கிக் கிடப்பதை ஒரு கணம் கண்டார். மறுகணம், முனைவர் அல்லரோ, நிமிர்ந்தார்.

"யாரு ஒடச்சாங்கங்கறது முக்கியமே இல்ல. ஒடஞ்சதோட பொருள்தான் முக்கியம். இதுக்கு நான் மறுப்பு எழுதியே ஆகணும். விரிவா!"

"தாராளமா எழுதுங்க சார். அடுத்த இதழ்ல முதல் இடம் உங்களுக்குத்தான். விதி இருக்கு."

"அடுத்த இதழ் எப்ப?"

"அது இல்லையே சார். இதோட முடிச்சுக்கலாம்னு நீங்கதானே..."

மேல்விசிறி கிரீச்சிட்டது. சுவருக்கு அப்பால் ஏதோ குடுவை உடைந்தது. முதல்வர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அட்டையின் உட்புற விதிகளைப் பார்த்தார்.

"கெமிஸ்ட்ரிக்கு அந்த சைக்கிள் ஷெட்டக் குடுத்துக்கலாம் மேடம். அதுல காத்தோட்டம் நல்லா இருக்கும்."

முழங்குக சங்கம்! அதிர்க முரசம்! ஏணியை வென்று, குதிரையை வென்று, குடுவையை வென்று, தந்தையின் விதி ஒன்றையும் மீறாமலே தன் பதினாறு பக்கத்தையும் நிலைநாட்டி, வீழவிருந்த கோட்டையையும் மீட்டெடுத்த வெற்றித் திருமகள், அமில வாடை ஏறிய பிரதிகளை மார்போடு அணைத்து, பாலத்துப் பஸ்ஸை ஏறெடுத்தும் பாராமல், நிமிர்ந்த தலையோடு, நீண்ட நாள் மிதிக்காத படகுத்துறை மணலை மிதித்து, "வந்திருச்சு!" என்று கூவிய கூவலில் துடுப்புகள் நிற்க, பெண்கள் திரண்டு ஓடிவர, மூத்த படகுக்காரி இதழை இரு கையாலும் வாங்கி, முகர்ந்து, "என்னம்மா இது, இப்படி நாறுது, வெயில்ல காயவெச்சுக் கொண்டாந்திருக்கக் கூடாதா" என்று கடிந்து, கடிந்த வாயாலேயே "சரி, ஏறு, அக்கரை போற வரைக்கும் ஒவ்வொண்ணா வாசி, சரியா எழுதியிருக்கியான்னு பாக்கலாம்" என்று ஆணையிட, காவியத் தலைவி, கண்ணீரும் கண்ணாடியுமாய், வாகை சூடிய வேந்தெனப் படகின் நடுவில் வீற்றிருந்து, தம் கட்டுரையின் முதல் வரியை வாசிக்க வாய் திறந்தார்.

படகு கிளம்பியதும் அவருக்கு வழக்கம்போலக் குமட்டிக்கொண்டு வந்தது.